உள்ளுறை அறிவும் வெளிப்படை அறிவும்: நிறுவனங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அனுபவசாலி ஒருவர் வேலையை விட்டுக் கிளம்பும்போதுதான் பல நிறுவனங்களுக்கு இந்த விஷயம் உறைக்கிறது. அவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. மனிதவளத் துறையினர், மேலாளர்கள், பொறுப்பை ஏற்க வந்திருப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உள்ளுறை அறிவு, வெளிப்படை அறிவு: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

எழுத்திலோ எண்ணிலோ படத்திலோ இறக்கி, இன்னொருவர் கையில் கொடுத்துவிடக்கூடியது வெளிப்படை அறிவு. கையேடு, ஒப்பந்தம், வரைபடம், விலைப்பட்டியல், மென்பொருள் நிரல் எல்லாம் இதில் அடங்கும். வேலை செய்பவரின் கையிலும் கண்ணிலும் கணிப்பிலும் தங்கியிருப்பது உள்ளுறை அறிவு.

ஓர் ஆலையில் பெரிய தண்ணீர்ப் பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். பேரிங்கின் சூடு இத்தனை டிகிரியைத் தாண்டினால் பம்பை நிறுத்த வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அந்தப் பக்கமாக நடந்துபோகும் மூத்த ஃபிட்டர் சட்டென்று நிற்கிறார். மீட்டரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் உறையில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்கிறார். "இந்த வாரம் தாங்கும், அடுத்த வாரம் தாங்காது" என்கிறார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "கரகரப்பு வேற மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்ல வரவில்லை. கையேட்டில் இருக்கும் டிகிரி கணக்கு வெளிப்படை அறிவு. அவர் சொன்ன அந்த 'வேற மாதிரி' உள்ளுறை அறிவு.

இரண்டும் தனித்தனிப் பெட்டிகளில் இருப்பதில்லை. கையேட்டைப் படித்துப் புரிந்துகொள்ளவே கொஞ்சமாவது அனுபவம் வேண்டும். பம்பையே பார்த்திராதவருக்கு அந்த டிகிரி கணக்கு வெறும் எண்தான்.

இப்படிப் பிரித்துப் பார்த்தது யார்?

ஒன்றைப் பற்றித் தெரிந்திருப்பதும் அதைச் செய்யத் தெரிந்திருப்பதும் வேறுவேறு என்று 1940-களில் வாதிட்டவர் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவ அறிஞர் கில்பர்ட் ரைல். உள்ளுறை அறிவு என்ற கருத்தை வளர்த்தெடுத்தவர் மைக்கேல் போலானி. 1891-ல் புடாபெஸ்டில் பிறந்தவர், மான்செஸ்டரில் வேதியியல் பேராசிரியராக இருந்து தத்துவத்துக்கு வந்தவர். ஆய்வுக்கூடத்திலேயே பல காலம் கழித்ததால், அறிவியல்கூட வெறும் விதிகளை வைத்து நடப்பதில்லை என்பதை அவர் நேரில் கண்டிருந்தார். 1958-லும் 1966-லும் வந்த அவருடைய நூல்களின் சாரம் இதுதான்: நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகமாகவே நமக்குத் தெரியும். சைக்கிள் ஓட்டுபவர் சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் விழாமல் போகிறார். ஓட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. தெரிந்துகொண்டாலும் ஓட்டக் கற்பதற்கு அது உதவாது.

வணிக உலகத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் ஜப்பானியப் பேராசிரியர் இகுஜிரோ நோனகா. 1991-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் அவர் எழுதிய கட்டுரையும், 1995-ல் ஹிரோடகா டகெயுச்சியோடு சேர்ந்து எழுதிய நூலும்தான் தொடக்கம்.

எழுதி வைக்காத எல்லாமே உள்ளுறை அறிவுதானா?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் நிறைய நேரமும் பணமும் வீணாகின்றன, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் 2010-ல் உள்ளுறை அறிவை மூன்றாகப் பிரித்தார். முதல் வகை, சொல்ல முடியும் ஆனால் சொல்லப்படவில்லை. யாரும் கேட்கவில்லை, எதிரே இருப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டோம், வேண்டுமென்றே மறைத்தோம், இப்படி ஏதாவது ஒரு காரணம் இருக்கும். இரண்டாவது வகை உடம்பில் படிந்தது: வெல்டரின் கை வேகம், செவிலியர் ஊசி போடும் லாகவம். மூன்றாவது ஒரு கூட்டத்தின் நடுவே வாழ்ந்தால் மட்டும் பிடிபடுவது: எந்த வாடிக்கையாளரிடம் எவ்வளவு கறாராகப் பேசலாம், எந்த அதிகாரி "பார்க்கலாம்" என்றால் முடியாது என்று அர்த்தம், எந்த விதியை எப்போது தளர்த்துவார்கள் என்பது போன்றவை.

மூன்றுக்கும் வைத்தியம் வேறு. முதல் வகைக்குக் கேட்டாலே போதும். இரண்டாவதற்குப் பயிற்சி வேண்டும். மூன்றாவதற்கு அந்தக் கூட்டத்தோடு புழங்க வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. அலுவலக வேலைகளில் 'இதெல்லாம் சொல்லி வராது, அனுபவத்தில்தான் வரும்' என்று ஒதுக்கி வைத்திருப்பதில் பெரும்பங்கு முதல் வகைதான் என்பது என் கணிப்பு. உண்மையில் யாரும் சரியாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் விவரமாக எழுதி வைத்துவிட்டால் போதாதா?

போதாது. இதற்கு நல்ல சான்று காலின்ஸே 1970-களில் செய்த ஆய்வு. டிஇஏ லேசர் என்ற புதுவகை லேசரை உருவாக்கப் பல ஆய்வுக்கூடங்கள் முயன்றன. செய்முறை ஆய்விதழ்களில் வெளிவந்திருந்தது, படித்தவர்களும் இயற்பியலில் தேர்ந்தவர்கள். ஆனாலும் அச்சில் வந்ததை மட்டும் நம்பி இறங்கிய யாருக்கும் லேசர் வேலை செய்யவில்லை என்று அவர் கண்டார். ஏற்கெனவே செய்து முடித்தவர்களோடு நேரில் பழகியவர்களுக்கும், தொலைபேசியிலாவது பேசியவர்களுக்கும்தான் அது கைகூடியது. மின்தேக்கியிலிருந்து மின்முனைக்குப் போகும் கம்பி குட்டையாக இருந்தாக வேண்டும் என்பது போன்ற விஷயங்கள், அவை முக்கியம் என்றே தெரியாததால் எழுத்தில் ஏறவில்லை.

காலின்ஸ் 2001-ல் எழுதிய இன்னொரு ஆய்வு இதைவிட நுணுக்கமானது. நீலக்கல் படிகத்தின் அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில் மாஸ்கோ குழு ஒன்று சொன்ன அளவை மேற்கத்திய ஆய்வுக்கூடங்களால் சுமார் 20 ஆண்டுகள் எட்டவே முடியவில்லை. ரஷ்யர்களும் கிளாஸ்கோ விஞ்ஞானிகளும் சேர்ந்து வேலை செய்த பிறகுதான் அந்த அளவு வந்தது. படிகத்தைத் தொங்கவிடும் நூலில் மிக மெல்லிய எண்ணெய்ப் பசை தேவை. மாஸ்கோ விஞ்ஞானி அந்த நூலைத் தன் மூக்கோரத்திலோ காதின் பின்புறத்திலோ தேய்த்தே பசை ஏற்றிக்கொள்வாராம். இதை எந்த ஆய்வுக் கட்டுரையில் எழுதுவார்கள்? பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கண்ணில் படும்.

அப்படியானால் ஆவணமே வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். 1935 அக்டோபர் 30 அன்று, ஓஹியோவின் ரைட் ஃபீல்டில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 விமானம் சோதனைப் பறப்பில் மேலெழுந்த சில நொடிகளில் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர்கள் தேர்ந்த சோதனை விமானிகள். விமானம் தரையில் நிற்கும்போது, அதைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் பலகைகள் காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் முறை வேரூன்றியது. பின்னாளில் பி-17 என்று பெயர் பெற்று ஆயிரக்கணக்கில் தயாரான விமானம் அதுதான். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் மறதி வரும், அதற்குக் காகிதம் காவல்.

அறிவு தொலைந்துபோய் உண்மையிலேயே பெரிய நஷ்டம் வந்த உதாரணம் உண்டா?

உண்டு. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஏவுகணைகளில் இருக்கும் டபிள்யூ76 என்ற அணு ஆயுதத்துக்கு 'ஃபாக்பேங்க்' என்ற பொருள் தேவை. அது என்ன என்பதே ரகசியம். டென்னசியில் உள்ள ஓக் ரிட்ஜில் 1975 முதல் 1989 வரை அதைத் தயாரித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். 2000-க்குப் பிறகு ஆயுதங்களைப் புதுப்பிக்கும்போது மீண்டும் தேவைப்பட்டது. அதற்குள் பழைய கூடம் இல்லை. செய்முறைப் பதிவுகள் கொஞ்சமே இருந்தன. தெரிந்தவர்களில் அநேகமாக எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள் அல்லது வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2009 அறிக்கையில் இதைச் சொன்னது. கோடிக்கணக்கான டாலரும் பல வருடங்களும் செலவாயின.

கதை அதோடு முடியவில்லை. புதிதாகத் தயாரித்த பொருள் பழையது போல வரவில்லை. ஆராய்ந்து பார்த்ததில், அந்தக் காலத்து மூலப்பொருளில் ஓர் அசுத்தம் கலந்திருந்ததும், பொருள் சரியாக வர அதுவே காரணமாக இருந்ததும் தெரியவந்தது. இன்றைய சுத்திகரிப்பு முறை அதை நீக்கிவிட்டது. பழைய ஆட்களுக்கே இது தெரியாது. ஆக, அவர்களைத் தேடிப் பிடித்து எத்தனை முறை பேட்டி எடுத்திருந்தாலும் இந்த விடை கிடைத்திருக்காது. வேலை நன்றாக நடக்கும்போதே அது ஏன் நன்றாக நடக்கிறது என்று ஆராய்ந்து வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

நோனகா சொல்லும் நான்கு படிகள் என்ன?

பக்கத்தில் இருந்து பழகுவதால் ஒருவரின் உள்ளுறை அறிவு இன்னொருவருக்குப் போகிறது. அதைச் சொல்லாக்கும்போது வெளிப்படை அறிவாகிறது. அப்படிக் கிடைத்தவற்றைத் தொகுத்து இணைக்கிறோம். அப்புறம் செய்து பழகி, அது மீண்டும் உள்ளுறை அறிவாகப் படிகிறது. இந்த நான்கும் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும் என்பார் நோனகா.

அவர் காட்டிய உதாரணம் புகழ்பெற்றது. ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் 1980-களின் நடுவில் வீட்டு ரொட்டி இயந்திரத்தை உருவாக்கியபோது, இயந்திரத்துக்கு மாவு பிசையவே வரவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் தேர்ந்தவர் பிசைந்ததையும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தும் விடை கிடைக்கவில்லை. குழுவில் இருந்த மென்பொருள் பொறியாளர் ஒரு பெண். ஒசாகாவில் ரொட்டிக்குப் பேர்போன ஒரு ஹோட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் அவர் போய்க் கற்றுக்கொண்டார். அந்தக் கலைஞர் மாவை இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பதைக் கவனித்து வந்து சொன்னார். பொறியாளர்கள் பாத்திரத்தின் உட்புறத்தில் தனி வரிமேடுகளை அமைத்துப் பலமுறை சோதித்து அந்த முறுக்கைக் கொண்டுவந்தார்கள். 1987-ல் இயந்திரம் சந்தைக்கு வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் நோனகாவோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த நான்கு படிகளைப் படிக்கும்போது, உள்ளுறை அறிவு முழுவதையும் சொல்லாக்கிவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ரொட்டிக் கலைஞரின் கையில் இருந்த அத்தனையும் இயந்திரத்துக்கு வரவில்லை. அந்த வேலைக்குத் தேவையான ஒரு துளி வந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. நிறுவனங்கள் குறிவைக்க வேண்டியதும் அந்தத் துளியைத்தான்.

ஓய்வு பெறப்போகிறவரிடம் எப்படிக் கேட்பது?

"உங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் எழுதித் தருவது ஏற்கெனவே கையேட்டில் இருப்பதாகத்தான் இருக்கும், ஏனென்றால் தனக்குப் பழகிப்போன விஷயம் எதுவும் அவர் கண்ணுக்கே தெரியாது.

தீயணைப்புப் படைத் தலைவர்கள் நொடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று 1980-களில் ஆராய்ந்த உளவியலாளர் கேரி கிளைனின் வழி இங்கே கை கொடுக்கும். பொதுவாகக் கேட்காமல், நடந்த ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு அதை அடியிலிருந்து திரும்ப நடத்திப் பார்ப்பதுதான் அவர் முறை. அப்போது எதைக் கவனித்தீர்கள்? வேறு என்ன செய்யலாம் என்று தோன்றியது? புதியவர் அங்கே இருந்திருந்தால் எங்கே ஏமாந்திருப்பார்?

கணக்குப் பிரிவில் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று வைப்போம். "மாதக் கணக்கை எப்படி முடிப்பீர்கள்?" என்றால் படிப்படியாக ஒப்பிப்பார். "கடைசியாக எப்போது கணக்கு உதைத்தது?" என்று கேட்டுப் பாருங்கள், ஆள் நிமிர்ந்து உட்காருவார். "மார்ச்சில உதைச்சது. சரக்குக் கட்டணம் திடீர்னு ஏறியிருந்தது. குறைஞ்சிருந்தா கண்டுக்கமாட்டேன், அந்த சப்ளையர் பில் எப்பவும் ரெண்டு நாள் தள்ளித்தான் வரும். ஏறினா விடமாட்டேன். ஒரே பில்லை ரெண்டு தடவை ஏத்தியிருப்பாங்க." இந்த ஐந்து வாக்கியங்கள் எந்தக் கையேட்டிலும் இல்லை. அவருக்கும் இது பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது.

அடுத்து, இடத்தை மாற்றிப் போடுங்கள். பொறுப்பேற்பவர் வேலையைச் செய்யட்டும், மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். புதியவர் தவறான இடத்தில் கை வைக்கும்போது மூத்தவரின் வாயிலிருந்து தன்னால் வருகிற "அங்க வேணாம், நில்லு"தான் நாம் தேடுவது. கேட்டதையும் பார்த்ததையும் புதியவரே எழுத வேண்டும், மூத்தவர் திருத்த வேண்டும். யாருக்கு எது விளங்கவில்லையோ அவருக்குத்தான் எதை எழுத வேண்டும் என்று தெரியும்.

கடைசி 2 வாரத்தில் இதைத் தொடங்கினால் பிரிவு விழாவுக்கும் கையெழுத்துகளுக்குமே நேரம் சரியாகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலைகளைச் சேர்ந்து செய்து பார்க்க முழுதாக ஒரு வருடம் கூடவே இருக்க வேண்டும். இரண்டு சம்பளம் கொடுக்க வேண்டுமே என்று தயங்குகிறவர்கள் ஃபாக்பேங்க் கதையை இன்னொரு முறை படிக்கலாம்.

தெரிந்தவர் சொல்லித்தர மறுத்தால் என்ன செய்வது?

முதலில், அவர் மறுக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். நிறுவனங்களுக்குள் நல்ல நடைமுறைகள் ஏன் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் பரவுவதில்லை என்று மேலாண்மை ஆய்வாளர் கேப்ரியல் சுலான்ஸ்கி 1996-ல் ஆராய்ந்தார். 8 நிறுவனங்களில் 122 பரிமாற்றங்களை எடுத்துக்கொண்டார். மனமில்லாமை பெரிய தடையாக இல்லை. பெறுகிறவருக்கு அதை வாங்கிக்கொள்ளும் அடிப்படை இல்லாதது, அந்த நடைமுறை ஏன் பலன் தருகிறது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாதது, இரு தரப்புக்கும் இடையே நல்லுறவு இல்லாதது, இந்த மூன்றுமே முதன்மைத் தடைகள்.

உண்மையிலேயே மறைப்பவர்களும் உண்டு, பெரும்பாலும் அதற்கு நியாயமான காரணமும் இருக்கும். தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தவரை மறு மாதமே அனுப்பிவிட்ட நிறுவனத்தில் யார் வாய் திறப்பார்கள்? இங்கே மாற வேண்டியது நிர்வாகம்தான்.

அறிவு மேலாண்மை மென்பொருள் வாங்கினால் தீருமா?

அதனால் மட்டும் தீராது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்களை ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் கூடவே திரிந்து கவனித்தார். கையேடு கைவிடும் இடங்களில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழைய பழுதுக் கதைகள்தான் வேலையை முடித்தன. சேர்ந்து சாப்பிடும்போது நடக்கும் வெட்டிப் பேச்சு என்று நிர்வாகம் நினைத்திருக்கக்கூடியதுதான் உண்மையான பள்ளிக்கூடமாக இருந்தது.

பின்னர் 1990-களில் அதே நிறுவனம் 'யுரேகா' என்ற குறிப்புக் களஞ்சியத்தை உருவாக்கியபோது, குறிப்புகளை எழுதியவர்களும் அவற்றைச் சரிபார்த்தவர்களும் களப் பணியாளர்களே. ஒவ்வொரு குறிப்பிலும் எழுதியவர் பெயர் இருந்தது. சக தொழிலாளர்களின் மதிப்பு கிடைத்ததால் அது ஓடியது. மேலிருந்து வந்து "வாரம் ஒரு கட்டுரை பதிவேற்று" என்று கட்டளையிடும் களஞ்சியங்கள் குப்பைத் தொட்டியாகவே முடியும்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் அணிகளுக்கு?

கடினம், ஆனால் முடியும். பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழாது என்பதுதான் பெரிய இழப்பு. திரையைப் பகிர்ந்துகொண்டு இருவர் சேர்ந்து வேலை செய்வதும், செய்துகொண்டே நினைப்பதை வாய்விட்டுச் சொல்வதும் அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். புதியவரின் முதல் சில மாதங்களையாவது நேரில் வைத்துக்கொள்வது நல்லது.

செயற்கை நுண்ணறிவு உள்ளுறை அறிவை எடுத்துக்கொள்ளுமா?

ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பொருளியலாளர் எரிக் பிரின்யால்ஃப்சனும் உடன் ஆய்வாளர்களும் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், உரையாடலுக்கு இடையே ஆலோசனை தரும் கருவியால் வேலைத்திறன் சராசரியாக 14 விழுக்காடு கூடியது. புதியவர்களுக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் 34 விழுக்காடு. நீண்ட அனுபவமுள்ளவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. திறமைசாலிகள் பேசும் விதத்தைக் கருவி கற்று மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வேலை முழுவதும் எழுத்து உரையாடலாகப் பதிவாகியிருந்தது. ஃபிட்டரின் காதுக்குக் கேட்ட கரகரப்பு எங்கும் பதிவாகவில்லை. அதோடு, யாருடைய திறமையிலிருந்து கருவி கற்றதோ அவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியும் இருக்கிறது. அதை நிறுவனங்கள் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

அனுபவசாலி சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

எப்போதும் இருக்காது. உள்ளுணர்வை நம்பும் கேரி கிளைனும் அதைச் சந்தேகித்த உளவியலாளர் டேனியல் கானமனும் 2009-ல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளை வைத்தார்கள். அந்தத் துறையில் ஒழுங்கான போக்கு இருக்க வேண்டும். அதைப் பழகித் தெரிந்துகொள்ள வாய்ப்பும் இருக்க வேண்டும், அதாவது கணித்தது சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். ஃபிட்டருக்கு அடுத்த வாரமே பதில் கிடைத்துவிடும். பத்து நிமிட நேர்காணலில் ஆளை எடை போட்டுவிடுவேன் என்று சொல்லும் மேலாளருக்கு, அவர் நிராகரித்தவர்கள் எப்படி வேலை செய்திருப்பார்கள் என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை. இருவர் சொல்லையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001-இன் 2015 பதிப்பு, தன் பணிகளுக்குத் தேவையான அறிவு எது என்று நிறுவனம் கண்டறிந்து காக்க வேண்டும் என்கிறது. தணிக்கைக்காக ஒரு கோப்பு தயாரித்து இதை முடித்துவிடாதீர்கள். ஒவ்வொரு பிரிவிலும் போய், "நாளை காலை யார் வரவில்லை என்றால் எந்த வேலை நிற்கும்?" என்று கேளுங்கள். பதிலாக வருகிற பெயர்களில் முதல் மூன்று பேரின் பக்கத்தில் இந்த மாதமே ஒருவரை உட்கார வையுங்கள். அந்த மூவருக்கும் அன்றாட வேலைச் சுமையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேச அவர்களுக்கு நேரமே இருக்காது.